பொன்னியின் செல்வன் ஃபேன்ஃபிக் எழுதிவிட்டீர்களா? வெளியிடும் முன் இப்படித் திருத்துங்கள்

என் முதல் ஃபேன்ஃபிக்கை (பிறர் நாவலின் மாந்தர்களை வைத்து நாம் எழுதும் கதை) எழுதி முடித்த இரவே வெளியிட்டுவிட்டேன். வந்தியத்தேவன் ஓலையோடு ஈழத்துக்குப் போயிருந்த நாட்களில் பழையாறை அரண்மனையில் குந்தவை எப்படிக் காத்திருந்தாள் என்பதுதான் கதை. சுமார் 6,000 சொற்கள். மறுநாள் காலையில் ஒரு வாசகி எழுதியிருந்தார்: "நன்றாக எழுதுகிறீர்கள். ஆனால் இது குந்தவை இல்லை." இன்னொருவர், தஞ்சையிலிருந்து ஒரு தூதன் அரை நாழிகையில் பழையாறைக்கு எப்படி வந்து சேர்ந்தான் என்று கேட்டிருந்தார். மூன்றாமவர் ஒற்றுப்பிழைகளைப் பட்டியல் போட்டே அனுப்பிவிட்டார்.

மூவர் சொன்னதும் சரிதான். கதையை எடுத்துவிட்டேன். திருத்தி மறுபடி போட நான்கு மாதம் ஆனது. எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது என்று தெரியாததால்தான் அவ்வளவு நாள். தொடக்கப் பத்தியை மட்டும் பத்துப் பதினைந்து தடவை செதுக்கியிருப்பேன். அப்புறம் பார்த்தால் அந்தக் காட்சியே கதைக்குத் தேவைப்படவில்லை.

இப்போது அதே அளவுள்ள கதையை மூன்று, மூன்றரை வாரத்தில் திருத்துகிறேன். முதல் பத்து நாள் கதையைத் தொடுவதே இல்லை. அடுத்த நான்கைந்து நாள் கதை, குரல், காலக்கணக்கு. ஒரு வாரம் பீட்டா ரீடரிடம், அதாவது முன்கூட்டியே படித்துக் குறை சொல்பவரிடம். மிச்ச நாள் மொழி. செலவு நூறு ரூபாயைத் தாண்டியதில்லை. நீங்கள் வேறு நாவலை வைத்து எழுதினாலும் இந்த வரிசை பொருந்தும். நான் அறிந்தது பொன்னியின் செல்வன் என்பதால் அதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூல நாவல், தேடக்கூடிய வடிவில். வீட்டில் ஐந்து பாகமும் புத்தகமாக இருந்தாலும் திருத்தும் வேலைக்கு அது போதாது. மதுரைத் திட்டம், தமிழ் விக்கிமூலம் ஆகிய இணைய நூலகங்களில் முழு நாவலும் யூனிகோடில் இலவசமாகக் கிடைக்கிறது. குந்தவையைக் குறிக்கும் "இளைய பிராட்டி" என்று தேடினால் யார் யார் எப்போது அப்படி அழைக்கிறார்கள் என்பது சில நொடிகளில் தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: தமிழில் "கொ" போன்ற எழுத்துகளைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும், தேடினால் அகப்படாது. ஒரு சொல் கிடைக்கவில்லை என்றால் அதன் வேறொரு பகுதியைப் போட்டுத் தேடிப் பாருங்கள்.

உங்கள் கதையின் முதல் வரைவு, தனிக் கோப்பாக. பெயரிலேயே தேதி போட்டு மூடி வைத்துவிடுங்கள். திருத்தமெல்லாம் பிரதியில்தான். கதை வெளியிடும் தளத்திலேயே நேரடியாக எழுதுவதையும் சேமிப்பதையும் தவிர்த்துவிடுங்கள். ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற ஃபேன்ஃபிக் தளத்தில், வெளியிடாத வரைவு ஏறக்குறைய ஒரு மாதத்தில் தானாக அழிந்துவிடும். வேறொரு தளத்தில் நான் இப்படி ஒரு முழு அத்தியாயத்தை இழந்தேன். அதே அத்தியாயத்தைத் திரும்ப எழுதினேன், ஆனால் முதலில் வந்த மாதிரி வரவே இல்லை.

ஒரு சின்ன நோட்டு. பெயர், விளிச்சொல், நாள், தூரம் எல்லாம் இதில் ஏறும்.

கணக்கு. ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் தளத்தில் சேர அழைப்பு வர வேண்டும். மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டு வரிசையில் காத்திருக்க வேண்டியிருக்கும். கதை தயாரான பிறகு விண்ணப்பித்துவிட்டுத் தவிக்க வேண்டாம், இன்றே கொடுத்துவையுங்கள். வாட்பேட், பிரதிலிபி ஆகிய கதைத் தளங்கள் இரண்டிலும் உடனே கணக்குத் தொடங்கலாம். மூன்றுக்கும் கட்டணம் இல்லை.

2. உரிமையைப் பாருங்கள்

இது அரை மணி நேர வேலை. ஆனால் தள்ளிப்போடக் கூடாது. இந்தியாவில் நூலாசிரியர் இறந்த பிறகு 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. கல்கி மறைந்தது 1954 டிசம்பரில். அந்த 60 ஆண்டு முடியும் முன்பே, 1999இல், அவருடைய எழுத்துகளைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டது. ஆகவே அந்த நாவலின் மாந்தர்களை வைத்து நீங்கள் தாராளமாக எழுதலாம்.

நாட்டுடைமையானது எழுத்து மட்டும்தான். 2022, 2023இல் வந்த திரைப்படங்களின் ஸ்டில்லை எடுத்து அட்டைப்படமாக வைக்காதீர்கள், பாடல் வரிகளை இடையில் சேர்க்காதீர்கள். பழைய ஓவியங்களையும் கேட்காமல் எடுக்க வேண்டாம். புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். என் அட்டைக்கு நானே போனில் எடுத்த ஓர் ஆற்றங்கரைப் படத்தை வைத்தேன்.

உங்கள் கதை சுஜாதாவின் துப்பறியும் வழக்கறிஞர்களான கணேஷ்-வசந்த்தைப் பற்றியது என்றால் நிலைமை வேறு. சுஜாதா மறைந்தது 2008இல். உரிமை இன்னும் பல ஆண்டுகள் இருக்கிறது. அப்படிப்பட்ட கதைக்குப் பணம் வாங்காதீர்கள், அதை அச்சிட்டு விற்காதீர்கள். போட்டிகளுக்கு அனுப்பும் முன் விதிகளை முழுக்கப் படியுங்கள். "சொந்தக் கற்பனையாக இருக்க வேண்டும்" என்று ஒரு வரி இருந்தால் ஃபேன்ஃபிக்கை அங்கே அனுப்பக் கூடாது.

3. பத்து நாள் ஆறப் போடுங்கள்

இதை யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை. எழுதி முடித்த சூட்டில் படித்தால், பக்கத்தில் இருப்பதைப் படிக்க மாட்டீர்கள், மனதில் இருப்பதைத்தான் படிப்பீர்கள். பத்து நாள் கோப்பைத் திறக்காதீர்கள். அந்த நாட்களில் உங்கள் மாந்தர் வரும் மூல அத்தியாயங்களை மறுபடி படியுங்கள். குந்தவை பேசும் காட்சிகளில் ஏழெட்டைத் தேர்ந்து சத்தமாகவே படித்தேன். என் கதையில் எது சரியில்லை என்பது கதையைத் திறக்காமலே புரியத் தொடங்கியது.

4. ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு வரி

பதினோராம் நாள் கதையைத் திறந்து ஒரே மூச்சில் படியுங்கள். பேனாவைத் தொடாதீர்கள். படித்து முடித்ததும் ஒவ்வொரு காட்சியிலும் என்ன மாறுகிறது என்று நோட்டில் ஒரே வரி எழுதுங்கள். "குந்தவை நந்தவனத்தில் உலாவுகிறாள், நிலா அழகாக இருக்கிறது" என்றுதான் எழுத முடிகிறது என்றால் அந்தக் காட்சியில் எதுவும் மாறவில்லை. எடுத்துவிடலாம். என் கதையில் ஒன்பது காட்சிகள் இருந்தன, மூன்று போயின.

மூல நாவலை வார்த்தை மாற்றித் திரும்பச் சொல்லும் பகுதிகளையும் கூசாமல் வெட்டுங்கள். உங்கள் வாசகர் அதைப் பல தடவை படித்தவர். வந்தியத்தேவன் யார், ஓலையில் என்ன இருந்தது என்று மூன்று பக்கம் விளக்க வேண்டியதில்லை.

5. குரலைத் திருத்துங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும், குறைந்தது இரண்டு முழு நாள். சொந்த மாந்தர் என்றால் நீங்கள் சொல்வதுதான் சட்டம். ஃபேன்ஃபிக்கில் அந்த மாந்தரை உங்களைவிட நன்றாக அறிந்த வாசகர் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவர் காதில் அந்தக் குரல் ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருக்கிறது.

என் முதல் வரைவில் இப்படி இருந்தது:

"எனக்கு மிகவும் பயமாக இருக்கிறது, வானதி. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன்?" என்று கண்ணீர் விட்டாள் குந்தவை.

இதில் ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை. ஆனால் ராஜ்யத்தின் கவலையை எல்லாம் தன் தலையில் சுமந்துகொண்டு, எல்லோருக்கும் முன்னால் நிமிர்ந்து நிற்கும் ஒருத்தி, தன்னை அண்டியிருக்கும் சின்னப் பெண்ணிடம் இப்படிக் கொட்ட மாட்டாள். பயம் இருக்கும், ஆனால் அதை வெளியே காட்ட மாட்டாள். திருத்திய பிறகு:

"விளக்கில் எண்ணெய் இருக்கிறதா, பார்" என்றாள் குந்தவை.

சற்று முன்புதான் வானதி ஊற்றியிருந்தாள். ஆனாலும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "இருக்கிறது, அக்கா." கொஞ்சம் பொறுத்து, "கோடிக்கரையிலிருந்து செய்தி வர எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டாள்.

"அதை நான் கேட்டேனா?"

இரண்டாவதில் பயம் என்ற சொல்லே இல்லை. அந்த வாசகி இந்தப் பகுதியைப் படித்துவிட்டு, "இவள்தான்" என்று ஒரே சொல்லில் எழுதினார்.

செய்முறை இதுதான். ஒரு மாந்தரின் வசனங்களை மட்டும் கதையிலிருந்து பிரித்து வேறொரு கோப்பில் ஒட்டுங்கள். பெயரை நீக்கிவிட்டு வரிசையாகப் படியுங்கள். ஆழ்வார்க்கடியானின் வசனமும் பூங்குழலியின் வசனமும் ஒன்றுபோல் ஒலித்தால், அவர்கள் வாயில் நீங்கள்தான் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அவன் கேள்விக்குக் கேள்வியால் பதில் சொல்பவன், வாதத்துக்கு அலைபவன். அவள் கடலில் தனியே படகு விடுபவள். அரண்மனைக்காரர்களிடம் குழைந்து பேச மாட்டாள்.

அப்புறம் விளிச்சொற்கள். யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்று நோட்டில் ஒரு கட்டம் போடுங்கள். குந்தவைக்கு அருள்மொழி தம்பி, ஆதித்த கரிகாலன் அண்ணன். வானதிக்குக் குந்தவை அக்கா. வந்தியத்தேவன் குந்தவையை "நீ" என்று ஒருமையில் அழைக்கத் தொடங்கினால் கதையில் அதற்கு ஒரு காரணம் நடந்திருக்க வேண்டும். கதை சொல்லும் நடையிலும் ஒரு பொறி உண்டு. பெரிய பழுவேட்டரையர் ஒரு பத்தியில் "வந்தார்", அடுத்த பத்தியில் "சொன்னான்" என்றால் வாசகர் அங்கேயே நின்றுவிடுவார். சந்தேகம் வந்தால் மூலத்தில் தேடிப் பாருங்கள், ஊகிக்காதீர்கள்.

6. நாள், தூரம், பொருள்

என் தூதன் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். அரை நாழிகை 12 நிமிடம். பழையாறை கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. தஞ்சையிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர். சீரான ஓட்டத்தில் குதிரை மணிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர் போகும். அப்படியென்றால் சுமார் மூன்று மணி நேரம், அதாவது ஏழரை நாழிகை, ஒரு ஜாமம். வழியில் ஆறுகள் குறுக்கிடும், ஆடி மாதம் என்றால் தண்ணீரும் இருக்கும். "அரை நாழிகை" என்பதை "ஒரு ஜாமத்துக்கு மேல்" என்று மாற்றியதும் கதைக்கே நன்மை வந்தது. தூதன் புறப்பட்ட செய்தி தெரிந்தும் அவன் வந்து சேராத அந்த ஒரு ஜாமம் எனக்குப் புதிதாக ஒரு காட்சியைக் கொடுத்தது.

நாவல் ஆடிப் பெருக்கன்று தொடங்குகிறது. உங்கள் கதை அதிலிருந்து ஏறக்குறைய எத்தனையாவது நாளில் நடக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பௌர்ணமிக்கும் அடுத்த பௌர்ணமிக்கும் 29 அல்லது 30 நாள் இடைவெளி இருக்க வேண்டும். எட்டு நாள் நடக்கும் என் கதையில் இரண்டு முழுநிலவு இருந்தது. நிலவு அழகு என்பதால் நாம் கணக்குப் பார்க்காமல் போட்டுவிடுகிறோம்.

பொருள்களில் தவறுவது சமையலறையில்தான். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, முந்திரி, கொய்யா, பப்பாளி, அன்னாசி, புகையிலை எல்லாமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியர் வழியாக வந்தவை. பத்தாம் நூற்றாண்டுச் சோழநாட்டில் இவை கிடையாது. பழையாறை மடைப்பள்ளியில் வற்றல் மிளகாய் தாளிக்கும் நெடியை நான் ரசித்து எழுதியிருந்தேன். அதை மிளகும் சீரகமும் நெய்யில் பொரியும் வாசனையாக மாற்றினேன்.

சொற்களிலும் இதே கதைதான். ஜன்னல், சாவி, மேசை, அலமாரி ஆகியவை போர்த்துகீசியச் சொற்கள். கஜானா, சிப்பாய், தயார் போன்றவை பாரசீகம், அரபு, உருது வழியாக வந்தவை. சாளரம் அல்லது பலகணி, திறவுகோல், பொக்கிஷம், வீரன் என்று மாற்றிக்கொள்ளலாம். எல்லா இடத்திலும் மாற்ற வேண்டுமா? வசனத்தில் கட்டாயம் மாற்றுங்கள். கதை சொல்பவர் இன்றைய ஆள் என்பதால் விவரணையில் "தயாரானான்" என்று வந்தால் குடிமுழுகிப்போகாது. இது என் கருத்து. எந்தப் பக்கம் போனாலும் கதை முழுக்க ஒரே மாதிரி இருக்கட்டும்.

7. பீட்டா ரீடரிடம் ஒரு வாரம்

பீட்டா ரீடர் என்றால் வெளியிடும் முன் படித்துக் குறை சொல்பவர். ஒருவர் நாவலை நன்றாக அறிந்தவராகவும், இன்னொருவர் நாவலையே படிக்காதவராகவும் இருந்தால் நல்லது. முதலாமவர் குரலைப் பிடிப்பார், இரண்டாமவர் கதை புரிகிறதா என்று சொல்வார். பணம் கொடுக்க வேண்டியதில்லை, அவருடைய கதையை நீங்கள் படித்துக் கொடுங்கள்.

கூகுள் டாக்ஸில் கருத்துச் சொல்லும் அனுமதி மட்டும் கொடுத்து அனுப்புங்கள். திருத்தும் அனுமதி கொடுத்தால் உங்களுக்குத் தெரியாமலே வரிகள் மாறிவிடும். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "சூப்பர்" என்றுதான் பதில் வரும். நான் இவற்றைக் கேட்கிறேன்: எந்த இடத்தில் படிப்பதை நிறுத்தத் தோன்றியது? எந்த வசனத்தை அந்த மாந்தர் சொல்லியிருக்க மாட்டார்? எங்கே குழப்பம் வந்தது? தேதி குறித்துக் கொடுங்கள், ஒரு வாரம் போதும்.

அவர்கள் சொல்வதையெல்லாம் ஏற்க வேண்டாம். இருவரும் ஒரே இடத்தைத் தொட்டால் அங்கே கோளாறு நிச்சயம். அவர்கள் சொல்லும் தீர்வு வேறாக இருக்கலாம், இடம் சரியாகத்தான் இருக்கும். கருத்து வந்த அன்றே பதில் எழுதாதீர்கள். நன்றி மட்டும் சொல்லிவிட்டு மறுநாள் பாருங்கள். அவர்களுக்குப் பதில் வாதம் எழுதினால் அடுத்த தடவை உண்மை சொல்ல மாட்டார்கள்.

8. மொழியைக் கடைசியில் பாருங்கள்

இப்போது அச்செடுங்கள். 6,000 சொற்களுக்கு 24 பக்கம் வந்தது, எங்கள் தெரு ஜெராக்ஸ் கடையில் பக்கம் 2 ரூபாய், மொத்தம் 48 ரூபாய். திரையில் தப்பிய பிழை தாளில் அகப்படும். சிவப்புப் பேனாவோடு, வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு இடறும் வாக்கியத்தை உடைத்துவிடுங்கள். போனிலேயே தமிழை வாசித்துக் காட்டும் வசதி இருக்கிறது, ஒரு தடவை அதையும் கேளுங்கள். விடுபட்ட சொல்லும் இரண்டு தடவை வந்த சொல்லும் காதில் பட்டென்று விழும்.

ஒற்றுப்பிழைக்கு நாவி, எழுத்துப்பிழைக்கு வாணி என்று இலவசத் திருத்திகள் உண்டு. பரிந்துரையைப் பார்த்துப் பார்த்து ஏற்றுக்கொள்ளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு அல்ல. அடிக்கடி வரும் இரண்டை மட்டும் மனதில் வைத்தால் பாதிப் பிழை குறையும். ஒன்று, "ஐ" வேற்றுமைக்குப் பின் வல்லினம் மிகும்: குதிரையைத் தட்டினான், ஓலையைப் பிரித்தாள். இன்னொன்று, "எடுத்துக் கொடுத்தான்" என்பதில் மிகும், "வந்து கேட்டான்", "செய்து பார்த்தான்" என்பவற்றில் மிகாது. "வந்துக் கேட்டான்" என்று நான் பதினேழு இடத்தில் எழுதியிருந்தேன். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால், முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு அப்புறம் இந்தத் திருத்திகளில் போடுங்கள். மாற்றிய பிறகு "ஔ", "ஸ்ரீ" போன்ற எழுத்துகளைத் தனியாகப் பார்த்துவிடுங்கள்.

9. வெளியிடும் நாள்

தலைப்பு, இரண்டு வரிக் கதைச்சுருக்கம், ஆசிரியர் குறிப்பு, டேக்குகள் ஆகியவற்றை முந்தின நாளே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் குறிப்பில், மூலம் கல்கியின் நாவல் என்பதையும், கதை எந்தப் பாகத்துக்குப் பிறகு நடக்கிறது என்பதையும் சொல்லுங்கள். "எழுதத் தெரியாது, மன்னிக்கவும்" என்று தொடங்காதீர்கள். மூன்று வாரம் உழைத்த கதை அது.

டேக் போடும்போது நாவலா திரைப்படமா என்று தெளிவாகப் பிரித்துக் காட்டுங்கள். படம் மட்டும் பார்த்தவர் வேறு எதிர்பார்ப்போடு வருவார். மொழி என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். கொலை, முக்கிய மாந்தரின் மரணம், பாலியல் வன்முறை இருந்தால் எச்சரிக்கையை மறைக்காதீர்கள். கரிகாலன் இறப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று ஒருமுறை விட்டுவிட்டேன். நாவலை அப்போதுதான் படிக்கத் தொடங்கியிருந்த ஒருவர் மிகவும் வருத்தப்பட்டார்.

கோப்பிலிருந்து ஒட்டியதும் முன்னோட்டத்தைப் போனில் பாருங்கள். பத்தி இடைவெளி இரட்டித்திருக்கும், காட்சி மாற்றத்துக்குப் போட்ட நட்சத்திரக் குறி காணாமல் போயிருக்கும். சரி செய்துவிட்டு, மாலையில் வெளியிடுங்கள். நள்ளிரவில் வேண்டாம், தூக்கக் கலக்கத்தில் நான் ஒருமுறை பழைய வரைவையே ஏற்றிவிட்டேன்.

முதல் இரண்டு நாள் எழுத்துப்பிழையை மட்டும் திருத்துங்கள். கதையை மாற்றச் சொல்லி வரும் கருத்துகளை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்தும் அது சரியென்று பட்டால், பிரதியில் திருத்தி, மாற்றிய தேதியை ஆசிரியர் குறிப்பில் போட்டு மறுபடி ஏற்றுங்கள்.